நாலாம் கிட்டார்

கிட்டார் வகுப்புத் தொடங்கிய முதல் நாளே றேமண்ட் ஒரு பிள்ளைக்கு அடித்துவிட்டான். பிள்ளை என்றால் சின்னப் பிள்ளை இல்லை. இருபது வயது தாண்டிய இளைஞன், பெயர் அழகுமுத்து. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வெள்ளவத்தையில் ஒரு கல்லூரிக்கு இசை படிக்க வந்து, கொட்டாஞ்சேனையில் றேமண்டின் வீட்டு மேல்மாடிப் பலகை அறையில் தங்கியிருந்தவன். இரும்பு அடிமட்டம் அவன் புறங்கையில் விழுந்த சத்தத்தில் மற்ற ஆறு பேரும் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"நான் உனக்கு என்ன தந்தனான்?"

"நாலாம் கிட்டாருங்க சேர்."

"நீ என்ன வாசிச்சனி?"

"டோரினோட மெட்டுங்க சேர். கேக்க நல்லா இருந்துச்சு. கை தானா போயிருச்சு."

"கை தானாப் போகாது. நீதான் அனுப்புற. இன்னொருக்கா அனுப்பினா அந்தக் கைய உடைப்பன்."

கொட்டாஞ்சேனையில் றேமண்டைத் தெரியாதவர்கள் அவனை முரடன் என்பார்கள். தெரிந்தவர்களும் அதையேதான் சொல்வார்கள், கொஞ்சம் அன்போடு சொல்வார்கள். ஹார்பரில் அவனுக்குக் கப்பல் சாமான் தூக்கும் விஞ்ச் இயக்குகிற வேலை. கப்பலின் வயிற்றுக்குள்ளிருந்து மூட்டைக் கட்டு மேலே வரும்போது விஞ்ச்காரன் அதைப் பார்க்கக்கூடாது. மேல்தட்டில் நின்று கைகாட்டுபவனை மட்டும் பார்க்கவேண்டும். அவன் விரலைச் சுழற்றினால் தூக்கு, உள்ளங்கையை விரித்தால் நிறுத்து, அவ்வளவுதான் வேலை. ஒருநாள் பக்கத்து விஞ்ச்காரன் கைகாட்டுபவனை விட்டுவிட்டு மூட்டையைப் பார்த்தான். கீழே நின்ற ஒருவனின் தலை மூட்டைக் கட்டுக்கும் இரும்புச் சுவருக்கும் நடுவில் அகப்பட்டது. அந்தச் சத்தத்தை றேமண்ட் கேட்டான். அவனவன் தன் வேலையைப் பார்க்கவேண்டும், அடுத்தவன் வேலைக்குள் கண் போகக்கூடாது என்பது அன்றிலிருந்து அவனுக்கு வேதமாகிவிட்டது.

அந்த வேதத்தைத்தான் அவன் கிட்டார் வகுப்புக்கும் கொண்டுவந்தான். கல்லூரியில் இசைப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த சவுந்தரநாயகம் மாஸ்டர் ஒரு மாதா கோயில் திருவிழாவில் றேமண்ட் வாசித்ததைக் கேட்டுவிட்டு வீடு தேடி வந்திருந்தார். தன்னுடைய மாணவர்களுக்கு நாலு பகுதியாகச் சேர்ந்து வாசிக்கப் பழக்கித் தரவேண்டும், ஆண்டு விழாவில் மேடையேற்றவேண்டும் என்றார். ஏழு பேர் வந்தார்கள். எல்லாரும் கர்நாடக சங்கீதம் படிக்கிறவர்கள். ஒரு மெட்டுக் காதில் விழுந்தால் பஜனைக்கு வந்தவர்கள்போல ஏழு பேரும் அதன்மேல் பாய்ந்துவிடுவார்கள். இவர்களைப் பிரித்து வைத்தால்தான் சரிவரும் என்று றேமண்ட் முடிவு செய்தான். முதல் கிட்டார்க்காரரை ஹாலில் விட்டான், அதில் அதே கல்லூரியில் படிக்கிற அவன் மகள் டோரினும் இருந்தாள். இரண்டாம் கிட்டாரைக் குசினி வாசலில் இருத்தினான், மூன்றாம் கிட்டாரைப் படிக்கட்டில். நாலாம் கிட்டார் அழகுமுத்து ஒருவன்தான். அவனை மேலே பலகை அறைக்கு அனுப்பிவிட்டான்.

நாலாம் கிட்டாரின் வேலை தடித்த கம்பியில் ஒரு தட்டு, பிறகு இரண்டு எண்ணிக்கை சும்மா இருப்பது. பாட்டின் நடுவில் ஓரிடம் வரும். அங்கே கம்பியில் கையை வைத்துக்கொண்டு, ஒன்றும் வாசிக்காமல், நெடுநேரம் எண்ணிக்கொண்டே இருக்கவேண்டும். தனியாகக் கேட்டால் யாரோ கதவைத் தட்டிவிட்டு யோசிப்பதுபோல இருக்கும். அழகுமுத்து அதை விடியற்காலையிலும் எண்ணினான், பஸ்ஸிலும் எண்ணினான், சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னாலும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான்.

றேமண்டின் மனைவி றோஸிக்கு இந்த வகுப்பே பிடிக்கவில்லை. விடிய முன் எழும்பி இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் பிழிந்து அனுப்புகிறவள் அவள். உரலை அழுத்தி அழுத்தி அவள் கைகள் றேமண்டின் கைகளைவிட உரமேறியிருந்தன.

"இஞ்ச பாருங்க, ஏழு தமிழ்ப் பிள்ளையள் ஏழு பெட்டியத் தூக்கிக்கொண்டு ஒரு வீட்டுக்குள்ள போறத ரோட்டே பார்த்துக்கொண்டு இருக்குது."

"பார்க்கட்டும். கிட்டார்ப் பெட்டி எண்டு தெரியாதா அவங்களுக்கு?"

"தெரிஞ்சா மட்டும்? போன மாசம் செக்கிங் வந்த பொலிசுக்காரங்க ராமையா அண்ணன்ட கடைத் தராசையே பிடிச்சுக்கொண்டு போனவங்க."

"அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்லுற?"

"ஒண்டும் செய்ய வேணாம். உங்கள சேர் எண்டு கூப்பிட ஏழு பேர் கிடைச்சிட்டாங்க. இனி நான் சொல்லியா கேக்கப் போறீங்க."

அது உண்மைதான். ஹார்பரில் அவனை "விஞ்ச்" என்றுதான் கூப்பிடுவார்கள், பெயர்கூட இல்லை. வகுப்பு நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் காலையிலேயே சவரம் செய்து, இஸ்திரி போட்ட சேட்டுப் போட்டுக்கொண்டு ஹாலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருப்பான்.

முதல் தடவை நாலு பகுதியையும் ஒன்றாக இருத்தி வாசிக்க வைத்த ஞாயிறு றோஸி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நாலு திசையிலிருந்தும் தனித்தனியாக அவள் மாதக் கணக்கில் கேட்டுச் சலித்த சத்தங்கள் ஒன்றாகி ஒரு பாட்டாக எழும்பின. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றாள். அழகுமுத்துவின் தட்டு அடியில் விழ விழ மேலே டோரினின் மெட்டு தைரியமாக நடந்துபோனது. தன்னுடைய தட்டு எதற்கு என்று அழகுமுத்துவுக்கே அன்றைக்குத்தான் விளங்கியது. அவன் முகம் முழுக்கச் சிரிப்பு.

"நல்லாத்தான் கிடக்கு," என்றாள் றோஸி. றேமண்டுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க மூன்றாம் கிட்டார்க்காரனை ஏசினான்.

அடுத்த வியாழக்கிழமை நகரத்தில் குண்டு வெடித்தது. ஹார்பரில் விஞ்ச்சில் இருந்தபடியே றேமண்ட் புகையைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை டோரினும் அழகுமுத்துவும் கல்லூரி விட்டு வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். பின்னேரம் டோரின் ஒரு காலில் செருப்பில்லாமல் வீட்டுக்குள் ஓடிவந்தாள்.

"அழகுமுத்துவப் பிடிச்சிட்டாங்க டடி."

"ஏன்? என்ன செய்தவன்?"

"ஒண்டும் செய்யேல்ல. பெட்டியத் திறக்கச் சொன்னாங்க, திறந்தான். என்ன படிக்கிற எண்டு கேட்டாங்க, மியூசிக் எண்டான். அப்ப வாசிச்சுக் காட்டு எண்டாங்க. ரோட்டோரம் கல்லில இருந்து வாசிச்சான். நாலாம் கிட்டார வாசிச்சான் டடி. ஒரு தட்டு, பிறகு சும்மா இருந்தான். பிறகும் ஒரு தட்டு. முதல்ல சிரிச்சாங்க. வாயால என்ன எண்ணுற எண்டு ஒருத்தன் கேட்டான். இவன் நிப்பாட்டேல்ல. நடுவில அந்த நீளமான இடம் இருக்குத்தானே, அதில கைய அசைக்காம எண்ணிக்கொண்டே இருந்தான். அப்பதான் அடிச்சாங்க. துவக்குப் பிடியால தோள்ல. கீழ விழுந்த பிறகு காலால. நான் ஓடிப்போய் எங்கட வீட்டில இருக்கிற ஆள் எண்டு சொன்னனான். துவக்கு முனைய இஞ்ச வச்சுத் தள்ளிவிட்டாங்க." கழுத்துக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். துப்பாக்கி முனை பட்ட இடம் வட்டமாகச் சிவந்திருந்தது.

"மெட்ட வாசிச்சிருந்தா விட்டிருப்பாங்களே," என்றாள் றோஸி. "அது அவனுக்கும் தெரியுமே."

டோரின் தகப்பனைப் பார்த்தாள். றேமண்ட் சேட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

அந்தச் சாவடிக்குப் பக்கத்துப் பொலிஸ் ஸ்டேசன் வாசலில் நின்ற கொன்ஸ்டபிள், வந்த காரணத்தைச் சொல்லி முடிக்கும் முன்னரே அவன் கன்னத்தில் அறைந்தான். பிறகுதான் உள்ளே விட்டான். இன்ஸ்பெக்டர் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். மேசைமேல் அழகுமுத்துவின் கிட்டார் கிடந்தது. எல்லாம் சிங்களத்தில்தான் நடந்தது. ஹார்பரில் வேலை செய்கிற றேமண்டுக்கு அது வாய்ப்பாடம்.

"நாலு தடவை வாசிக்க வைத்தேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "நாலு தடவையும் ஒரே மாதிரி. தட்டுகிறான், எண்ணுகிறான். இதுவா பாட்டு? இது நேரம் பிடித்துப் பழகியவன் செய்கிற வேலை. எதற்கு நேரம் பிடிக்கிறான்?"

"மஹத்தயா, அது ஒரு பாட்டில் நாலில் ஒரு பங்கு. நான்தான் அப்படிப் பழக்கினேன். மற்றப் பகுதிகள் சேர்ந்தால்தான் பாட்டு வரும்."

றேமண்ட் கிட்டாரை எடுத்து மெட்டை வாசித்துக் காட்டினான். ஒரு சுரமும் பிசகவில்லை. இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிக் கேட்டார்.

"நீ நன்றாக வாசிக்கிறாய். ஆனால் நீ வாசித்ததற்கும் அவன் தட்டியதற்கும் என்ன சம்பந்தம்?"

உள்ளறையிலிருந்து ஒரு அலறல் வந்தது. "அம்மா" என்று தொடங்கி நடுவில் அறுந்துபோனது. றேமண்டுக்குக் குரல் தெரிந்தது. கையிலிருந்த கிட்டாரை மேசையில் வைக்கப்போய்க் கீழே போட்டான்.

"மற்றவர்களையும் கூட்டி வா," என்றார் இன்ஸ்பெக்டர். "எல்லாம் சேர்ந்து பாட்டாக வந்தால் இவனை விடுகிறேன். வராவிட்டால் பெரிய இடத்துக்கு அனுப்பிவிடுவேன்."

பெரிய இடம் என்றால் என்ன என்று அந்த ஆண்டுகளில் கொழும்பில் தமிழ் பேசிய எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. அங்கே போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

றேமண்ட் ஒரு கடையிலிருந்து சவுந்தரநாயகம் மாஸ்டருக்கு டெலிபோன் எடுத்தான்.

"மாஸ்டர், நீங்களும் வந்தா நல்லம். கல்லூரிப் பிள்ளை எண்டு நீங்க சொன்னா ஒரு மதிப்பு."

"றேமண்ட், நான் வந்தா கல்லூரியே வந்த மாதிரி. நாளைக்கு எல்லாப் பிள்ளையளின்ட விலாசமும் கேப்பாங்க. குடுக்காம இருக்க ஏலுமா?"

"அவனும் உங்கட பிள்ளைதானே."

"ஓம். அதைத்தான் நானும் சொல்லுறன். மற்றதுகளும் என்ட பிள்ளையள்தான்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் றேமண்டுக்கு ஆத்திரத்தைக் கூட்டியது. ரிசீவரை அவன் ஓங்கி வைத்ததில் அதில் கீறல் விழுந்துவிட்டது. பிறகு வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போனான். ஒரு வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார்கள். காய்ச்சல்காரப் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் கதவையே திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது டோரின் கிட்டாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் டெலிபோன் எடுத்துச் சொன்னதில் வத்தளையிலிருந்து செபஸ்தியன் வந்து நின்றான். இரண்டாம் கிட்டார் அவன்தான். சண்டை நடக்கிற வடக்கிலிருந்து வந்து பெரியம்மா வீட்டில் தங்கிப் படிக்கிற மன்னார்ப் பொடியன், நல்ல வாயாடி.

றோஸி கதவை மறித்து நின்றாள்.

"டோரினக் கொண்டுபோக விடமாட்டன்."

"தள்ளு றோஸி."

"பொம்பிளப் பிள்ளைய பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போற தகப்பன நான் இண்டைக்குத்தான் பார்க்கிறன். அவன்ட கையில மெட்டு வராமச் செய்தது நீங்க. நீங்க போங்க. உங்கள அடிக்கட்டும்."

றேமண்ட் அவளைப் பிடித்துத் தள்ளினான். அவள் இடியப்ப உரல்மேல் விழுந்தாள். முழங்கை கிழிந்து இரத்தம் நிலத்தில் சொட்டியது. டோரின் குனிந்து தாயைத் தூக்கினாள்.

"மம்மி, அவன் ரோட்டில விழுந்து கிடந்தவன். நான் பஸ்ஸில ஏறி வந்தனான்," என்றாள். அவளை மறிப்பதை றோஸி விட்டுவிட்டாள். செபஸ்தியனிடம் மட்டும் சொன்னாள்.

"மகன், உன்ட அடையாள அட்டையில மன்னார் எண்டு கிடக்கு. நீ போகாத."

"அன்ரி, அழகுமுத்து என்ட சத்தத்தப் பிடிச்சுத்தான் தன்ட இடத்துக்கு வாறவன். நான் இல்லாட்டி அவன் பிழை விடுவான். இண்டைக்குப் பிழை விடக்கூடாது."

மூன்றாம் கிட்டாரைத் தானே வாசிக்கவேண்டும், அதோடு செபஸ்தியனின் பகுதியையும் ஒரு ஆளால் வாசிக்க ஏலாது என்று றேமண்டுக்குத் தெரியும். ஆனாலும் வேண்டாம் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முன்னால் நடந்தான்.

ஸ்டேசனில் அவர்களை ஒரு நீள வாங்கில் இருத்தினார்கள். அழகுமுத்துவை இரண்டு பேர் கொண்டுவந்தார்கள். ஒரு கண் மூடிப்போயிருந்தது. இடது கையின் இரண்டு விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. டோரினைக் கண்டதும் பிடியை உதறிவிட்டு அவளிடம் ஓட நினைப்பவன்போல இருந்தான், அவளையும் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பான். றேமண்ட் கிட்டாரை அவன் மடியில் வைத்தான்.

"ஏலுமா மகன்?"

"முடியுங்க சேர்."

வாசித்தார்கள். செபஸ்தியன் அவனுக்குப் பக்கத்தில் நெருங்கியிருந்து வழக்கத்தைவிட உரத்து வாசித்தான். அழகுமுத்து வீங்கிய விரலைக் கம்பியில் அழுத்தும் ஒவ்வொரு தடவையும் அவன் மூச்சு சீறியது. நகத்தடியிலிருந்து இரத்தம் கம்பியில் வடிந்தது. ஆனால் தட்டு ஒன்றும் தவறவில்லை. நடுவில் அந்த நீளமான இடம் வந்தது. மற்ற மூன்று கிட்டாரும் வாசித்துக்கொண்டு போக, அவன் கையை அசைக்காமல் எண்ணினான். சரியான இடத்தில் வந்து விழுந்தான். கதவோரம் கொன்ஸ்டபிள்கள் கூடிவிட்டார்கள். ஒருவன் சப்பாத்தால் தாளம்கூடப் போட்டான், அந்தச் சப்பாத்து கொஞ்சம் முன்னால் யார் கைமேல் நின்றதோ தெரியாது.

முடிந்ததும் இன்ஸ்பெக்டர் அழகுமுத்துவைக் கேட்டார்.

"மேலே போகிற அந்த மெட்டு உனக்குத் தெரியுமா?"

"தெரியும், மஹத்தயா."

"பிறகு ஏன் அதை வாசித்துக் காட்டவில்லை?"

"அது என்னோட பகுதி இல்ல, மஹத்தயா."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். றேமண்டுக்கு அந்த வாங்கிலேயே செத்துப்போய்விடலாம்போல இருந்தது.

"சரி, பாட்டுத்தான். இவனைக் கொண்டு போ," என்று சொல்லிவிட்டு மற்றவர்களின் அடையாள அட்டைகளைக் கேட்டார். றேமண்டினதையும் டோரினினதையும் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். செபஸ்தியனுடையதைக் கையில் வைத்துக்கொண்டார்.

"மன்னார். இவன் இருக்கட்டும்."

"மஹத்தயா, இவனை யாரும் பிடிக்கவில்லை. தானாக வந்தவன்."

"அதைத்தான் விசாரிக்கவேண்டும். குண்டு வெடித்த மறுநாள் மன்னார்க்காரன் எதற்குத் தானாக ஸ்டேசனுக்குள் வருகிறான்? எத்தனை பேர் இருக்கிறோம், எந்த அறையில் என்ன இருக்கிறது என்று பார்த்துப்போகவா?"

றேமண்ட் பாய்ந்து செபஸ்தியனின் கையைப் பிடித்துக்கொண்டான். பொல்லுத்தடி முதலில் விலாவில் விழுந்தது, பிறகு முழங்காலில், பிறகு எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. அவன் பிடியை விடவில்லை. மணிக்கட்டில் அடித்தபோதுதான் விரல்கள் விரிந்தன. டோரினின் கிட்டார் யாருடைய காலின் கீழோ முறிந்தது. செபஸ்தியனைத் தலைமயிரில் பிடித்து உள்ளே இழுத்துப்போனார்கள்.

"பெரியம்மாவுக்கு இப்ப சொல்லாதீங்க சேர்," என்று அவன் கதவுக்குள்ளிருந்து சொன்னான். "பிரஷர்காரி."

நன்றாக இருட்டிய பிறகு அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். றோஸி முழங்கையில் துணி சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். மகளைத் தடவிப் பார்த்தாள். அழகுமுத்துவின் கையைக் கண்டு "யேசுவே" என்றாள். பிறகு அவர்களுக்குப் பின்னால் வெறும் ரோட்டைப் பார்த்தாள்.

"செபஸ்தியன் எங்க?"

டோரின் முறிந்த கிட்டாரைப் படியில் வைத்தாள்.

"கேக்கிறன், அந்தப் பிள்ளை எங்க?"

"வச்சுக்கொண்டாங்க மம்மி," என்றாள் டோரின்.

றோஸி றேமண்டின் கன்னத்தில் அறைந்தாள். ஒழுங்கை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தன் முழுப் பலத்தோடும் மறுபடி அறைந்தாள். அவன் கையை உயர்த்தவில்லை. அழகுமுத்து நடுவில் வந்து, "அம்மா, அடிக்காதீங்கம்மா, சேருக்கு விலா முறிஞ்சிருக்கு," என்றான்.

"முறியட்டும்," என்றாள் அவள். "ஒண்டக் குடுத்திட்டு ஒண்ட வாங்கிக்கொண்டு வாறதுக்கு இது என்ன சந்தையா? திரும்புங்க. அவன் இல்லாம இந்த வீட்டுக்குள்ள கால் வைக்க வேணாம்."

அவளே முன்னால் போனாள். ஸ்டேசன் வாசலில் மணல்மூட்டைக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தாள். போகச் சொன்னார்கள், போகவில்லை. பொல்லால் தோளில் தட்டினார்கள், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். யாரைத் தேடி வந்தாய் என்று கேட்டதற்கு, மீன் வாங்கப் பழகிய அரைகுறைச் சிங்களத்தில், "அபே லமயா," எங்கள் பிள்ளை, என்றாள். இன்ஸ்பெக்டரைப் பார்க்க விடவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் றேமண்ட் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சனிக்கிழமை வெயிலிலும் அவள் அங்கேதான் இருந்தாள். டோரின் பாணும் பருப்பும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். அந்த இரண்டு நாளும் கடைகளுக்கு இடியப்பம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் வகுப்பு நடந்திருக்கவேண்டிய நேரம், வாசலில் காவல் நின்ற வயதான கொன்ஸ்டபிள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவளருகில் வந்து குனிந்தார்.

"அக்கே, நீ யாருக்காக இருக்கிறாயோ அவன் இங்கே இல்லை. வெள்ளிக்கிழமை நீ வந்து உட்காரும் முன்னமே பின்வாசலால் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்."

"எங்க?"

அவர் அந்தப் பெரிய இடத்தின் பெயரைச் சொன்னார்.

றோஸி எழும்பிச் சேலையை உதறிக்கொண்டு, அங்கே எந்த பஸ் போகும் என்று கேட்டாள்.